காய்ச்சலே இல்லாத ஊர்

"சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் நிஜமாகவே காத்து நிற்கிற மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் நானும் கேட்பது கேள்வியா என்ன? எதிரே வருகிறவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார், நாமும் நடையைக் கட்டுவோம். இவர் நின்றுவிடுவார். குடையைத் தரையில் ஊன்றி, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, உங்கள் முகத்தையே பார்ப்பார். "இருக்கேன் சார்" என்று சொன்னால் அதற்கு மேலும் ஏதாவது வருமா என்று பார்ப்பார். மாயாபந்தர் ஜெட்டியில் டீக்கடை வைத்திருந்த மலையாளி, இவர் லாஞ்சிலிருந்து இறங்குவதைக் கண்டாலே அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொள்வான். ஒருமுறை தெரியாமல் வாயைக் கொடுத்து, தன் மூலத் தொந்தரவு வரைக்கும் சொல்ல வேண்டியதாகிவிட்டது அவனுக்கு. அதுவும் கடை நிறைய ஆள் இருக்கும்போது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கே பிடிக்காது. யார் வீட்டு வியாதியையும் பெயர் சொல்லிப் பேசக் கூடாது என்பது அவர் தொழில் ஒழுக்கம். வீடு வீடாகப் போய் வியாதிக் கணக்கு எடுப்பவர், பெரிய ஆபீஸில் அவரைச் சர்வே இன்ஸ்பெக்டர் என்பார்கள். எங்கள் குடியேற்றத்தில் குடை சார் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். ஒல்லி, நெட்டை, மழைக்காலத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார். காலில் அட்டை ஏறினால் மற்றவர்களைப் போலத் துள்ளிக் குதிக்காமல், அது எங்கே கடிக்கிறது, எவ்வளவு நேரம் குடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். பார்க்கிற நமக்குத்தான் உடம்பு கூசும்.

நான் அப்போது அந்தக் குடியேற்றத்தில் நர்ஸ். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர் எனக்கு. அண்ணன் போர்ட் பிளேரில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தான், அவனை நம்பிக் கப்பலேறி வந்தவள். மாயாபந்தரிலிருந்து லாஞ்சில் அரை நாள் போய், கழிமுகத்தில் இறங்கி, டுங்கி என்கிற சின்னத் தோணியில் துடுப்புப் போட்டு உள்ளே போனால் வருகிற ஊர் அது. காட்டை வெட்டி, நிலம் அளந்து, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களையும் வங்காளிக் குடும்பங்களையும் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். தகரக் கூரை போட்ட இரண்டு அறைதான் டிஸ்பென்சரி. அதற்கு நானே டாக்டர், நானே கம்பவுண்டர், நானே வாட்ச்மேன்.

ஊர் முழுக்கக் காய்ச்சல். மலேரியா. வெட்டிப்போட்ட மரத்தடியில் தண்ணீர் தேங்கி, கொசு எழும்பி, ஒரு வீடு பாக்கியில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிப் படகு, போட்டு என்போம், கழிமுகத்துக்கு வரும். என்னால் முடியாத கேஸை அதில் ஏற்றி மாயாபந்தருக்கு அனுப்பிவிடுவேன். நடுவில் அவசரம் என்றாலும் ஃபாரஸ்ட் கேம்ப் வயர்லெஸ்ஸில் சொல்லி அனுப்பினால் வந்துவிடும். அந்தப் போட்டை வைத்துத்தான் நான் அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே இருக்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு காய்ச்சலா? மாத்திரை மருந்து எல்லாம் போகிறதே, போட்டும் போகிறதே, பிறகும் காய்ச்சல் குறையவில்லை என்றால் ஒன்று டிஸ்பென்சரி உருப்படியில்லை, இல்லாவிட்டால் அந்த நர்ஸ் கதை எழுதுகிறாள். வீடு வீடாகப் போய் விசாரித்து வா, காய்ச்சல் இல்லையென்றால் போட்டை வேறு குடியேற்றத்துக்கு விட்டுவிடலாம் என்று இவரை அனுப்பினார்கள்.

வந்த அன்றைக்கே நான் சண்டைக்கு நின்றேன்.

"நான் பொய்க்காரியான்னு பாக்க வந்திருக்கீங்களா சார்?"

வேறு யாராக இருந்தாலும் "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்று மழுப்பியிருப்பார்கள். இவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆமா சிஸ்டர், அதுக்கும்தான்" என்றார்.

கோபம் வந்தாலும் அந்த மனிதரைப் பிடித்துப்போனது எனக்கு அந்த இடத்தில்தான்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் தங்கினார். யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். அவல், வாழைப்பழம், தானே போட்டுக்கொள்கிற கடுங்காப்பி. நான் மீன் குழம்பு சாப்பிடுகிறவள், அதனால்தான் என் கையில் சாப்பிடவில்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். கேட்டேவிட்டேன். "அதில்லை சிஸ்டர். ஒரு வீட்டுல சாப்பிட்டா அப்புறம் அந்த வீட்டுக்காரங்க என்கிட்டக் குறை சொல்ல மாட்டாங்க. கூச்சப்படுவாங்க" என்றார். குறை சொல்லுவதைக் கேட்பதற்காகப் பட்டினி கிடந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஊரில் ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

முதல் வீடு ராமையா வீடு. நானும் கூடப் போயிருந்தேன். "வீட்டுல யாருக்காவது இந்த மழைக்குள்ள காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார் இவர். "இல்ல சார், டீக் ஹை" என்றார் ராமையா. அந்தத் தீவில் தமிழன், வங்காளி, தெலுங்கன் எல்லாரும் சர்க்கார் ஆளைக் கண்டால் சொல்லுகிற சொல் அது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஓலைத் தடுப்புக்குப் பின்னால் கட்டில் கடகடவென்று ஆடுகிற சத்தம். குளிர்க்காய்ச்சலில் ராமையாவின் அண்ணன் நடுங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மாலை நான்தான் மாத்திரை கொடுத்திருந்தேன்.

இவர் காத்திருந்தார். கட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ளே யாரு?"

"ஆடு சார்."

"ஆட்டுக்குக் குளிருது போல."

"ஆமா சார். மழையில நனைஞ்சிருச்சு."

எனக்கு அடக்க முடியவில்லை. "என்னண்ணே இது, உங்க அண்ணன்தானே, சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்தேன். இவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். வெளியே வந்ததும், "சிஸ்டர், நீங்க சொல்லிக்குடுத்து அவர் சொன்னா அது உங்க பதில். எனக்கு அவர் பதில் வேணும்" என்றார். அடுத்த வீட்டிலிருந்து என்னைத் தள்ளியே நிற்கச் சொல்லிவிட்டார். குடையையும் என்னிடமே கொடுத்தார், எனக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குடும்பங்கள் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறும்போது ஒரு டாக்டர் எல்லாரையும் பரிசோதித்திருக்கிறார். வரிசையில் ஒரு பெரியவர் இருமினார். இருமியவரை மட்டுமில்லை, மூட்டை முடிச்சோடு அந்தக் குடும்பத்தையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள். அத்தோடு, நிலத்துக்கு இன்னும் பட்டா வரவில்லை. சீக்காளிக் குடும்பத்துக்குப் பட்டா கிடையாது, கப்பலில் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பி, ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? காய்ந்த கண்மாயும் கடனும். அதனால் பட்டா வருகிற வரைக்கும் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வராது என்று எல்லாருமாக முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் வந்து மாத்திரை வாங்கியவர்களுக்கு நான் சர்க்கார் இல்லை, சிஸ்டரம்மா. குடை வைத்திருப்பவர்தான் சர்க்கார்.

காய்ச்சலை மறைக்கலாம், உடம்பை மறைக்க முடியுமா? அடிக்கடி மலேரியா வந்த குழந்தைக்கு இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கல்லு மாதிரி கையில் தட்டுப்படும். காய்ச்சக்கட்டி என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தையைப் படுக்க வைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாலே போதும், ஊரின் நிலைமை தெரிந்துவிடும். வாயால் சொல்லாததை வயிறு சொல்லிவிடும் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் மறுநாள் பாயும் கையுமாகக் கிளம்பினார்.

காளிமுத்து, செல்லம்மா என்று ஒரு புருஷன் பெண்சாதி. அந்த ஊரிலேயே காய்ச்சல் அவ்வளவாக அண்டாத வீடு அவர்களுடையதுதான். மேட்டில் வீடு, செல்லம்மா வேப்பெண்ணெய் விளக்கு அணையவிட மாட்டாள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பவுனு, ஆறு வயசிருக்கும், கொழுகொழு என்று இருப்பாள். சின்னது கைக்குழந்தை. பவுனைப் பாயில் படுக்க வைத்து இவர் வயிற்றில் கை வைத்ததும் கூச்சத்தில் கிக்கிக்கீ என்று உருண்டு உருண்டு சிரித்தாள். கட்டி கிட்டி ஒன்றுமில்லை. எழுதிக்கொண்டார்.

அடுத்து ராமையா வீடு. தலையில் துண்டைச் சுற்றி, கண்ணில் மை அப்பி ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். கை வைத்தார். கிக்கிக்கீ. இவர் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குடையைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு அடுத்தது வங்காளி வீடு. அங்கே அந்தப் பிள்ளைக்கு வங்காளப் பெயர் வைத்து, நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். கை வைப்பதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பாப்பா, உனக்கு எத்தனை வீடு?" என்று கேட்டார்.

"இன்னிக்கி அஞ்சு வீடு சார். எல்லா வீட்டுலயும் வெல்லம் தாராங்க."

பின்னால் நின்ற செல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடியே போனாள். ஊரில் நல்ல வயிறுள்ள குழந்தை ஒன்றுதான், அதை ஆளுக்கு ஆள் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அந்த வீட்டுக்காரரிடம், "நிஜப் பிள்ளை எங்கே?" என்று கேட்டார். காட்டுக்குள் விறகு பொறுக்கப் போயிருக்கிறதாம். எல்லா வீட்டுப் பிள்ளையும் அன்றைக்கு விறகு பொறுக்கப் போயிருந்தது. இரண்டு வயசுப் பிள்ளை உட்பட.

"இதை எழுதுங்க சார்" என்றேன். "புள்ளைங்களை ஒளிச்சு வைச்சாங்கன்னு எழுதுங்க."

"ஒளிச்சதை நான் பாக்கலையே சிஸ்டர். குழந்தை இல்லேன்னுதான் பாத்தேன்" என்றார். "பரிசோதனைக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதினார். காணாததைக் காணவில்லை என்றுதான் எழுதுவார், ஊகத்துக்கு ஒரு எழுத்துகூடக் கொடுக்க மாட்டார்.

அந்தக் கொட்டகையில் கொசுக்கடியில் கிடந்து அவருக்கும் காய்ச்சல் வந்தது. போர்வைக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிப்போய்க் கிடந்தார். நான் மாத்திரையோடு போய், "எப்படி சார் இருக்கு?" என்றேன். "ஒண்ணுமில்லை சிஸ்டர், நல்லா இருக்கேன்" என்றார். சொன்ன மறு நிமிஷம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா? இருக்குன்னு சொன்னா நீங்க என்னைப் போட்டுல ஏத்தி அனுப்பிடுவீங்கன்னு சொல்லிட்டேன். நானே அப்படிச் சொல்றேன்" என்றார். காய்ச்சல் இறங்கின பிறகும் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஜனங்கள் மேல் அவருக்குக் கோபமே வராமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று செய்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். சேசுவே, அதை மட்டும் செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா?

பட்டாப் பேச்சு, கப்பல் பேச்சு எல்லாவற்றையும் அவருக்கு நான் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூட்டினார். தமிழில் ஒரு தடவை, உடைந்த ஹிந்தியில் ஒரு தடவை பேசினார். "உடம்பு சரியில்லைன்னு சொன்னா யாரையும் கப்பல்ல ஏத்தித் திருப்பி அனுப்ப மாட்டாங்க. பட்டாவுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் கிடையாது. நான் பொறுப்பா சொல்றேன். நெஜத்தைச் சொல்லுங்க. சொன்னாத்தான் ஆஸ்பத்திரி போட்டு உங்களுக்கு நிக்கும்." கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டது. "டீக் ஹை சார்" என்றது. கலைந்தது.

மறுநாள் கிணற்றடியில் செல்லம்மாவைப் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இத்தனை நாளா அது சும்மா பேச்சுன்னுல்ல இருந்தோம் சிஸ்டரம்மா. இப்ப சர்க்கார் ஆளே வாயைத் தொறந்து சொல்லிட்டாரே."

"என்னடி சொன்னாரு? அனுப்ப மாட்டாங்கன்னுதானே சொன்னாரு?"

"அனுப்புற யோசனை இல்லாட்டி அந்தப் பேச்சு எதுக்கு வருது? திருட மாட்டேன்னு ஒருத்தன் நம்ம வீட்டு வாசல்ல நின்னு சொன்னா, பொட்டியைப் பூட்டுவமா மாட்டமா?"

நான் மூச்சு முட்டுகிற மட்டும் பேசிப் பார்த்தேன். தலையைத் தலையை ஆட்டினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு மாலையிலிருந்து என் டிஸ்பென்சரிக்கும் ஆள் வருவது நின்றுபோயிற்று. வெட்டுக்காயம், தேள்கடி, பல்வலி வரும். காய்ச்சல் என்று ஒரு ஆத்மா வரவில்லை. நான் வீடு வீடாகப் போனால் வாசலிலேயே வழிமறித்து, "எங்களுக்கு என்ன சிஸ்டரம்மா, கல்லு மாதிரி இருக்கோம்" என்றார்கள். நான் அத்தனை மாதமாக எழுதி வைத்தவை எல்லாம் பொய்யாகிவிட்டன. அந்த ஊரில் அவர் ஒருவர்தான் என்னை நம்பினார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவரைப் பிடித்து உலுக்காத குறை. "உங்களுக்குத் தெரியும். கட்டில் ஆடினதை நீங்களும் கேட்டீங்க. பவுனு மூணு வீட்டுல சிரிச்சதை நீங்களும் பாத்தீங்க. ஊரே காய்ச்சல்ல கெடக்குதுன்னு எழுதுனா என்ன சார் குறைஞ்சு போவுது? போட்டு நிக்கும்ல?"

"உங்களை நான் நம்புறேன் சிஸ்டர்" என்றார். "ஆனா நான் நம்புறதை எழுதுற இடம் இதுல இல்லை. இன்னிக்கு இங்க என் இஷ்டத்துக்கு ஒண்ணு எழுதினா, நாளைக்கு வேற ஒருத்தர் வேற ஊர்ல தன் இஷ்டத்துக்கு எழுதுவார். அப்புறம் நிஜமாவே கிடந்து சாகிற ஊரை யார் நம்புவா?"

நானும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் மனசாரத் திட்டியாவது இருப்பேன்.

அவர் சும்மாவும் இருந்துவிடவில்லை. ஜனங்கள் பயத்தில் மறைக்கிறார்கள், இந்தக் கணக்கை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று தனியாகக் குறிப்பு வைத்திருக்கிறார். அதற்கு மேலிடத்தில், ஜனங்கள் சொன்னதை எழுதத்தான் உங்களை அனுப்பினோம், உங்கள் அபிப்பிராயத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஊர் நல்ல ஊர் என்று முடிவாயிற்று. காய்ச்சலே இல்லை. போட்டு வேறொரு குடியேற்றத்துக்குப் போயிற்று. அங்கே வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர்களுக்கும் அந்தப் போட்டு வேண்டியதுதான். யார் மேல் கோபப்படுவது?

பல வருஷம் கழித்து, கல்யாணமாகிப் போர்ட் பிளேரில் மரைன் ஹில்லுக்கு நான் குடிவந்தபோது இரண்டு வீடு தள்ளி அவர் இருந்தார். வேறு ஏதோ செக்‌ஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, குடை அதேதான் போலிருக்கிறது. மேட்டில் ஏறி வரும்போது எதிரே பார்த்தால், "மழை வரும் போல இருக்கே" என்பார். "மீன் வந்துச்சா ஜெட்டியில?" என்பார். சவுக்கியமா என்று மட்டும் கேட்க மாட்டார். என் குழந்தைக்கு டைபாய்டு வந்து பிழைத்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்காமலே போனார். அவர் மனைவிக்கு அது பெரிய மனக்குறை. "நாலு நாளா ஜுரத்துல கெடந்தேன், என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. மாத்திரையை வாங்கிட்டு வந்து தலைமாட்டுல வைக்கிறார். ஊர்ல இருந்தப்ப இப்படி இல்லையே இவர்" என்று என்னிடம் வந்து அழுதாள். எனக்குக் காரணம் தெரியும். அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

போட்டு எங்களை விட்டுப் போன பிறகு வந்த மழையில் செல்லம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் அண்டாத வீட்டில் வந்தது. வெளியே தெரியக் கூடாது என்று கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே படுத்துக் கிடந்திருக்கிறாள். எனக்கும் சொல்லவில்லை. காளிமுத்து ஒரு மத்தியானம் ஓடி வந்தான். நான் போனபோது அவளுக்கு நினைவில்லை, கண் மேலே செருகிவிட்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. கையிலிருந்த ஊசியைப் போட்டேன். ஃபாரஸ்ட் கேம்ப்புக்கு ஆள் அனுப்பினேன். போட்டு அந்தப் பக்கக் குடியேற்றத்தில் நிற்கிறது, வர மறுநாளாகும் என்று பதில் வந்தது. டுங்கியில் படுக்க வைத்துக் கழிமுகம் வரைக்கும் கொண்டுபோனோம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. துடுப்புப் போட்டு அதில் இறங்க முடியாது. கரையில் டுங்கியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், நான், காளிமுத்து, ராமையா. நான் ஜெபமாலை சொன்னேன். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். ஊருக்குத் திரும்பிக் கொண்டுவந்து, கழிக்கரையில் புதைத்தோம். பவுனும் தன் கையால் மண் அள்ளிப் போட்டாள்.

அந்த மழை முடிவதற்குள் அவர் மறுபடி வந்தார். போட்டு இல்லாமல் ஊர் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து எழுத வேண்டுமாம், அதுவும் அவர் வேலையில் சேர்த்திதான். செல்லம்மா விஷயத்தைக் கரையிலேயே அவரிடம் சொன்னேன். நின்ற இடத்திலேயே நின்றார். "காளிமுத்து வீட்டுக்கு நீங்களும் என்கூட வாங்க சிஸ்டர்" என்றார்.

காளிமுத்து எங்களைக் கண்டதும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான். இடுப்பில் கைக்குழந்தை. பவுனு அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"மூணு பேர் சார்."

இவர் காத்திருந்தார்.

"மூணு பேரும் நல்லா இருக்கோம் சார். டீக் ஹை."

கணக்கு சரிதான். அந்த வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் காய்ச்சல் இல்லை. இருக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும், இல்லாதவர்களுக்கு அந்தக் காகிதத்தில் கட்டம் கிடையாது. ஆனால் அவர் பேனாவை வைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, பதிலை எடுத்துக் கொடுத்துக் கேட்டார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"காளிமுத்து. செல்லம்மா எங்கேப்பா?"

காளிமுத்து என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. நான் அவனோடு அந்த டுங்கியில் உட்கார்ந்திருந்தவள், குழிக்குள் அவளை இறக்கும்போது தலைமாட்டில் பிடித்தவள். நான் அவன் இடுப்பிலிருந்த கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டேன்.

"ஊருக்குப் போயிருக்கா சார். மெயின்லேண்டுக்கு. அவ அம்மா வீட்டுக்கு."

அவர் எழுதவுமில்லை, தலையை நிமிர்த்தவுமில்லை. அந்தப் பிள்ளை பவுனு அப்பாவை அண்ணாந்து பார்த்தது. பிறகு காகிதமும் பேனாவுமாக நிற்கிற இவரைப் பார்த்தது. சர்க்கார் ஆளிடம் அப்பா சொல்லுகிறார், பொய்யாக இருக்குமா? முகம் மலர்ந்துவிட்டது அதற்கு. காலை விட்டுவிட்டு ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா எந்தக் கப்பல்ல வருவாங்க சார்?"

காளிமுத்து எட்டிப் பிடித்து அவளை இழுத்தான். குழந்தையைச் சுமந்த கை போக, மிச்சமிருந்த கையால் அவள் வாயை இறுக்கிப் பொத்தினான்.

"எழுதிக்குங்க சார்" என்றான். "எல்லாரும் நல்லா இருக்கோம்."